பிழையில்லை என்று திரை சொன்னது

தம்பி,

நீ அனுப்பிய பிழை பார்க்கும் கருவியின் புதிய பதிப்பு வந்து சேர்ந்தது. அதை எப்படிக் கணினியில் ஏற்ற வேண்டும், எந்தக் கட்டளையை எங்கே தட்ட வேண்டும் என்று படம் போட்டு, அம்புக்குறி போட்டு எழுதியிருக்கிறாய். முன், பின், மேல், கீழ் என்று பொருள்படும் ஆங்கிலச் சொல் வருகிற ஒவ்வொரு வாக்கியத்தையும் இனி அது நிறுத்திக் காட்டும் என்றும், நான் ஒருமுறை யோசித்துச் சரி என்று சொன்னால்தான் மேலே போக விடும் என்றும் எழுதியிருக்கிறாய். வேலை முடிந்து வந்து இதற்கே உட்கார்ந்துவிடுகிறாய், சோற்றைக்கூட அந்தத் திரைக்கு முன்னால் வைத்துத்தான் சாப்பிடுகிறாய் என்று என் வருங்கால மருமகள் ஷீலா போனில் சொன்னாள். தம்பி, அதை நான் ஏற்றவில்லை. ஏற்றப் போவதும் இல்லை. காரணத்தைப் போன ஞாயிற்றுக்கிழமை போனில் சொல்லத்தான் பார்த்தேன். வார்த்தை வராமல் நான் நின்றபோது, நீ மெல்பர்னிலிருந்து ஒவ்வொரு வார்த்தையாக எடுத்துக் கொடுத்தாய். நீ கொடுத்ததில் ஒன்றுகூட நான் தேடியது இல்லை. அதனால் எழுதுகிறேன்.

கையால், தமிழில் எழுதுகிறேன். உன் அப்பா காய்கறி வாங்கப் பசாருக்குப் போய்விட்டு வந்ததும் நான் எழுதிய பக்கத்தை எடுத்துச் சத்தமாக வாசிப்பார். அவர் வாசிப்பதைக் கேட்டால் எங்கே பிசகியிருக்கிறது என்று எனக்குப் புரிகிறது, எனக்குப் புரியாவிட்டால் அவர் நிறுத்தி, "இங்க வேற ஏதோ சொல்ல வந்தியா?" என்று கேட்கிறார். வாழ்நாளெல்லாம் பஸ் ஓட்டிய மனிதர், தமிழ்ப்பள்ளியை விட்ட பிறகு இவ்வளவு தமிழ் வாசித்தது இப்போதுதான். சில நாள் அரைப் பக்கம் நகர்கிறது. சில நாள் ஒரு வரிகூட இல்லை. அடித்து அடித்து எழுதிய தாளைப் பார்த்தால் நீ பயந்துவிடுவாய் என்று அவரே நல்ல தாளில் பிரதி எடுக்கிறார். ஆகவே இது என் கையெழுத்து இல்லை என்று குழம்பாதே.

என் வேலை என்ன என்று உனக்குத் தெரியும். ஆனாலும் ஷீலாவும் இதைப் படிக்க வேண்டும், அதற்காகச் சொல்கிறேன். தொழிற்சாலையில் இயந்திரங்களுக்கான கையேடுகளை எழுதினேன். எப்படி ஓட்டுவது, எப்படி நிறுத்துவது, எதைத் தொடக்கூடாது. நான் எழுதுவதைப் படிக்கிறவர் நாற்காலியில் சாய்ந்து படிக்க மாட்டார். ஒரு கையில் ஸ்பானர் இருக்கும், காதில் சத்தம் அடைக்கிற பஞ்சு இருக்கும், பின்னால் சூப்பர்வைசர் நின்று "இன்னும் முடியலையா" என்று கேட்டுக்கொண்டிருப்பார். அப்படிப்பட்டவருக்கு ஒரு வாக்கியம் ஒரே ஒரு பொருளைத்தான் தர வேண்டும். அதைச் செய்ய எனக்குத் தெரிந்திருந்தது. எனக்கென்று நான் பெருமைப்பட்டுக்கொண்ட விஷயம் அது ஒன்றுதான்.

நீ கிறிஸ்துமஸுக்கு வந்திருந்தபோது, ஒரே சொல்லை அடுத்தடுத்து இருமுறை எழுதிவிட்டேன் என்று மேனேஜர் ஒரு பக்கத்தைத் திருப்பி அனுப்பியதைச் சொல்லிச் சிரித்தேன். "வயசாகுதுலா, கண்ணு போகுது" என்றேன். நீ உடனே சாப்பாட்டு மேசையில் என் மடிக்கணினியைத் திறந்து உட்கார்ந்தாய். சற்று நேரத்தில் ஒரு கறுப்புத் திரையை என் பக்கம் திருப்பினாய்.

"என்னடா இது? ஒரு பட்டன்கூட இல்ல?"

"பட்டன் வேணாம்மா. கமாண்ட் டைப் பண்ணுங்க, ஃபைல் பேர் போடுங்க, என்டர் தட்டுங்க. எங்க தப்போ அந்த வரிய அது சொல்லும்."

தட்டினேன். மஞ்சளும் சிவப்புமாக வரிகள் கொட்டின. இந்த வரியில் வாக்கியம் நீளம். இந்த வரியில் செயப்பாட்டு வினை. இந்த வரியில் ஒரே சொல் இருமுறை. பிறகு பார்த்தால், 'ப்ளீஸ்' என்று நான் எழுதியிருந்த இடத்திலெல்லாம் மஞ்சள்.

"ப்ளீஸ்னு சொல்றது தப்பா?" என்று கேட்டேன். கான்வென்ட் சிஸ்டர்கள் தலையில் குட்டி வளர்த்த ஆங்கிலம் என்னுடையது.

"கையேட்டுல மரியாதை வேணாம்மா, வேகம்தான் வேணும்" என்றாய். அப்பா நாற்காலியில் இருந்தபடியே, "அப்ப நம்ம வீட்ல அவ பேசறதுல ஒரு தப்பும் வராது" என்றார். மூவரும் சிரித்தோம்.

அது எனக்குப் பிடித்துப்போனது, தம்பி. ஆபீஸில் நீ சொல்லிக்கொடுத்தபடி நானே விதிகளைச் சேர்த்தேன். எங்கள் இயந்திரங்களின் பாகங்களுக்கு எந்தப் பெயரைச் சொல்லலாம், எதைச் சொல்லக்கூடாது என்று அதற்குக் கற்றுக்கொடுத்தேன். மேனேஜர் மகிழ்ந்துபோய், இனி ஒவ்வொரு கையேட்டோடும் அந்தச் சோதனையின் முடிவை இணைத்து அனுப்ப வேண்டும் என்று உத்தரவு போட்டார். கடைசி வரியில் பிழை பூஜ்யம், எச்சரிக்கை பூஜ்யம் என்று பச்சையில் வந்த பிறகுதான் கோப்பு என் மேசையை விட்டுப் போகும். முன்பெல்லாம் என் பக்கங்களை இன்ஜினியர்கள் உட்கார்ந்து படிப்பார்கள், சண்டை போடுவார்கள். பச்சை வரி வந்த பிறகு அந்தச் சண்டை நின்றது. நான் நன்றாக எழுதுவதால்தான் நின்றது என்று நினைத்துக்கொண்டேன்.

இதற்குள் சிவப்பும் மஞ்சளும் பெருகிக்கொண்டே வந்தன. ஒரே சொல் இருமுறை, மூன்று முறை. பாதியில் நின்ற வாக்கியம். பாகத்தின் பெயருக்குப் பதில் 'அந்தப் பொருள்'. ஒவ்வொன்றாகத் துடைத்துக்கொண்டே இருந்தேன். துடைத்து முடித்தால் பச்சை. யாரும் பார்க்கவில்லை. நானும் பார்க்கவில்லை என்றுதான் சொல்ல வேண்டும். தரையில் தண்ணீர் தேங்குகிறது என்று தினமும் துடைப்பவள், கூரையை அண்ணாந்து பார்க்காத மாதிரி.

பார்த்தவர் உன் அப்பா ஒருவர்தான். ஒருநாள் மாலை ஜன்னலோரம் நின்றுகொண்டு, "நீ இப்பல்லாம் மாத்தி மாத்திச் சொல்றம்மா" என்றார். "மழை வருது, ஜன்னலத் திறங்கங்கிற. காத்தாடியப் போடுங்கன்னு சொல்லவேண்டியதுக்கு நிறுத்துங்கங்கிற. நான் புரிஞ்சிக்கிட்டு செய்றேன். ஆனா ஒருதரம் கிளினிக் போய்ப் பாத்துட்டு வரலாம்லா."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. மடிக்கணினியைத் திறந்து அன்று நான் எழுதியிருந்த கோப்பை ஓட்டி, பச்சை வரியை அவர் முகத்துக்கு நேரே காட்டினேன். "பாருங்க. தப்பே இல்லன்னுது. உங்க காதத்தான் கிளினிக்ல காட்டணும்" என்றேன். அவர் அந்த ஆங்கில வரியை வெகுநேரம் பார்த்தார். பிறகு, "சரிம்மா" என்று சொல்லிவிட்டு ஜன்னலைச் சாத்தப் போனார்.

அடுத்து வந்த வேலைதான், பாலத்துக்கு அந்தப் பக்கம் பத்து காவான் என்ற ஊரில் இருக்கும் எங்கள் கிளைக்குப் போன புதிய அழுத்தும் இயந்திரத்தின் கையேடு. காற்றழுத்தத்தால் இயங்குவது. அழுத்தத்தை வெளியேற்றுவதற்கு முன் பாதுகாப்புக் கதவைத் திறந்தால், மேலே நிற்கும் தகடு இறங்கிவிடும். இன்ஜினியர் என்னிடம் வாயால் சொன்னதும் அதுதான், என் மனத்தில் இருந்ததும் அதுதான். கதவைத் திறந்த பிறகு காற்றழுத்தத்தை வெளியேற்று என்று என் கை எழுதியது. சின்ன வாக்கியம். செய்வினை. அனுமதித்த சொற்கள் மட்டும். ப்ளீஸ் இல்லை. அந்தப் பக்கத்தை ஓட்டினேன். பிழை பூஜ்யம், எச்சரிக்கை பூஜ்யம். அந்தக் கையேட்டில் ஒரே தடவையில் பச்சை வந்த பக்கம் அதுதான். இன்ஜினியர் பச்சை வரியைப் பார்த்துக் கையெழுத்துப் போட்டார். என் பக்கத்து மேசை நோர் அதை வார்த்தை பிசகாமல் மலாயில் மொழிபெயர்த்தாள். எல்லாம் நடந்து முடிந்த பிறகு என்னிடம் அழுதுகொண்டே, "எனக்கு ஒரு மாதிரிதான் இருந்துச்சுக்கா, ஆனா நீங்க எழுதினா சரியாத்தான் இருக்கும்னு விட்டுட்டேன்" என்று ஆங்கிலத்தில் சொன்னாள்.

இயந்திரத்தை முதலில் திறந்தவர் குமரன். உனக்கு அவரைத் தெரியாது. ஜெலுத்தோங் அடுக்குமாடியில் இருக்கிறார், கம்பெனி பஸ்ஸில் பாலம் தாண்டிப் பத்து காவானுக்குப் போய் வந்துகொண்டிருந்தார். இயந்திரம் பழுதுபார்ப்பதில் மூத்த ஆள். முன்பு எங்கள் கட்டடத்தில் வேலை செய்தபோது என் மேசைக்கு வந்து, "அக்கா, நீங்க எழுதுனதுன்னா நான் இன்னொருத்தர கேக்க மாட்டேன்லா, அப்படியே செய்வேன்" என்பார். அன்றும் அப்படியே செய்தார். கதவைத் திறந்தார். காற்றை வெளியேற்றும் அடைப்பானைத் திருப்ப வலது கையை உள்ளே விட்டார். தகடு இறங்கியது. கட்டைவிரலையும் அதற்கடுத்த விரலையும் மட்டும்தான் டாக்டர்களால் காப்பாற்ற முடிந்தது.

விசாரணை அறையில் அந்தப் பக்கத்தைச் சுவரில் பெரிதாகக் காட்டினார்கள். கூடவே பச்சை வரி. மேனேஜர் என்னிடம் சத்தமில்லாமல், "இது எப்படி நடந்தது?" என்று கேட்டார். நான் அந்த வரியைப் படித்தேன். சரியாக இருக்கிறதே என்று எனக்குத் தோன்றியது. தம்பி, இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. சுற்றி அத்தனை பேர் தலைகுனிந்து உட்கார்ந்திருக்க, எனக்கு அதில் தவறே தெரியவில்லை. நோர் என் பக்கம் குனிந்து 'ஆஃப்டர்' என்ற சொல்லின் மேல் விரலை வைத்தாள். அங்கே 'பிஃபோர்' என்று இருந்திருக்க வேண்டும் என்று அப்போதுதான் தெரிந்தது.

அதற்குப் பிறகு நடந்தது உனக்குத் தெரியும். வேலையை விட்டேன். நரம்பு டாக்டரம்மா சீப்பைக் காட்டி இது என்ன என்று கேட்டார். தலை வாருவது போல் கையை ஆட்டிக் காட்டினேன், பெயர் வரவில்லை. மூளையில் சொற்களுக்கான பகுதி சுருங்கி வருகிறது, நினைவு இன்னும் நன்றாக இருக்கிறது, மருந்து இல்லை என்று அந்த அம்மா பொறுமையாகச் சொன்னார். எதிரெதிர்ச் சொற்கள் இடம் மாறுவது இந்த நோயில் சகஜமாம். முதலில் பேச்சு போகும், பிறகு எழுத்து, பிறகு மற்றவர்கள் சொல்வது புரிவதும் போகும். கோயிலில் ஜெபங்கள் மட்டும் இன்னும் தட்டாமல் வருகின்றன. மனப்பாடமானது கடைசியில்தான் போகுமாம். 'எங்கள் குற்றங்களைப் பொறுத்தருளும்' என்று எல்லாரோடும் சேர்ந்து கணீரென்று சொல்கிறேன். முழந்தாளில் நின்று தனியாக ஒன்று கேட்கலாம் என்றால் ஒன்றும் வருவதில்லை.

உனக்குத் தெரியாதது ஒன்று இருக்கிறது. குமரன் ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பிய பிறகு அப்பாவும் நானும் ஜெலுத்தோங்குக்குப் போனோம். காரில் போகும்போதே நான் சொல்லிச் சொல்லிப் பழகிக்கொண்டேன். என்னை மன்னிச்சிருங்க குமரன், என்னாலதான். அப்பா ஒவ்வொரு முறையும் தலையாட்டினார், சரியாகத்தான் வந்தது. கதவைத் திறந்தவர் அவர் மனைவி. குமரன் சோபாவில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கப் போனார், அந்தப் பழக்கம் போகவில்லை அவருக்கு. கட்டுப்போட்ட கையை ஊன்றப் போய், வலியில் முகம் கோணி, மறுபடி உட்கார்ந்தார். "வாங்கக்கா" என்றார். நான் அவர் முன்னால் போய் நின்றேன். கைகூப்பினேன். என் வாயிலிருந்து வந்தது இதுதான்.

"ரொம்ப நன்றிப்பா."

தவறு என்று இந்த முறை எனக்கே தெரிந்தது. திருத்தப் பார்த்தேன். மறுபடியும் நன்றிதான் வந்தது. மூன்றாவது முறை அழுகையோடு வந்தது, அப்போதும் அதே வார்த்தை. குமரனின் மனைவி கணவரைப் பார்த்து, "எதுக்கு நன்றி சொல்றாங்க இவங்க?" என்று கேட்டார். அப்பா இடையில் புகுந்து, "இல்லம்மா, இவங்களுக்கு ஒடம்பு சரியில்ல, வார்த்தை மாறிப் போவுது, மன்னிப்புக் கேக்கத்தான் வந்தோம்" என்றார். "இவருக்கும்தான் ஒடம்பு சரியில்ல" என்றார் அந்தப் பெண். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. குமரன் என் பக்கம் பார்க்காமல், "பரவால்லக்கா, நீங்க போங்க" என்றார். படியிறங்கும்போது அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

எழுதிக் கொடுத்துவிடலாமே என்று அப்பா பிறகு சொன்னார். நான் எழுதியதை நம்பித்தான் அந்த மனிதர் கையை உள்ளே விட்டார். இன்னொரு முறை என் எழுத்தை அவர் கையில் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

நீ எழுதிய கடைசி மெயிலில், நீ அந்தக் கருவியைக் கொண்டுவராமல் இருந்திருந்தால் இது நடந்திருக்காது என்று இருந்தது. அப்படியெல்லாம் இல்லை கண்ணா, உன்மேல் ஒரு தப்பும் இல்லை என்று எழுதத்தான் நானும் பேனாவை எடுத்தேன். பல காலைப் பொழுதுகள் அந்த வரியில்தான் நின்றன. முழுப் பொய்யை எழுத முடியவில்லை. எனக்கு உன்மேல் கோபம் இருக்கிறது, தம்பி. இருமுறை வந்த அந்தச் சொற்கள்தான் என் நோய் எழுப்பிய முதல் குரல். மேனேஜர் இன்னும் ஐந்தாறு பக்கங்களைத் திருப்பி அனுப்பியிருந்தால், இந்தப் பெண்ணுக்கு என்ன ஆயிற்று என்று யாராவது கேட்டிருப்பார்கள். உன் கருவி அதை யார் காதிலும் விழாமல் துடைத்துக் கொடுத்தது. அம்மா சிரமப்படக்கூடாது என்று நீ அன்போடு செய்தாய். நான் ஆசையோடு பயன்படுத்தினேன். அதில் யார் மனத்திலும் கெட்டது இல்லை, ஆனாலும் ஒரு மனிதரின் கை போய்விட்டது. இதை எப்படித் தாங்குவது என்று உனக்குச் சொல்லித்தர எனக்குத் தெரியவில்லை. நான் தாங்கவில்லை. எழுந்து, குளித்து, சாப்பிட்டு, இருக்கிறேன், அவ்வளவுதான்.

உங்கள் கல்யாணத்துக்கு முன் அம்மா என்று ஏதாவது சொல்ல வேண்டும் இல்லையா, இதைச் சொல்கிறேன். ஷீலா ஒரே விஷயத்தை இரண்டாம் முறை சொன்னால் திருத்தாதே. ஏன் மறுபடியும் சொல்கிறாள் என்று கேள். அவள் தடுமாறும்போது வார்த்தையை எடுத்துக் கொடுக்காதே, காத்திரு. அவள் உன்னிடம் "நீ முன்ன மாதிரி இல்ல" என்று சொன்னால், கணினியைத் திறந்து அவளுக்கு எதையும் காட்டாதே. என் புருஷன் சொன்னதை நான் கேட்டிருந்தால் என்று யோசித்து யோசித்து எனக்குத் தலை மரத்துப்போய்விட்டது. அவர் இன்றுவரை அந்த மாலையைப் பற்றி ஒரு வார்த்தை எடுத்ததில்லை. எடுத்திருந்தால்கூட எனக்குச் சற்று லேசாக இருந்திருக்கும்.

உன் புதிய விதிகளை நான் ஏன் வேண்டாம் என்கிறேன் என்று இப்போது புரிகிறதா? நீ தூங்காமல் அவற்றை எழுதுவது எனக்காக இல்லை. எனக்கு இனி எழுத ஒரு கையேடும் இல்லை. போய் நிற்க வேண்டிய ஒரு வாசலுக்குப் போகாமல் இருப்பதற்காக நீ எழுதிக்கொண்டிருக்கிறாய். நான் அந்த வாசலுக்குப் போனேன், என்ன நடந்தது என்று சொல்லிவிட்டேன். நீ விமானம் இறங்கியதும் கல்யாண மண்டபம் பார்க்க வேண்டாம், பாதிரியாரைப் பார்க்க வேண்டாம். முதலில் என்னை ஜெலுத்தோங்குக்கு அழைத்துப் போ. நீ யார், அந்தக் கருவியை அமைத்தது யார் என்று நீயே சொல். உனக்கான மன்னிப்பைப் பிறகு கேட்டுக்கொள், எனக்காக முதலில் கேள். அந்தப் பெண் கதவைத் திறக்காமலே போகலாம். குமரன் மறுபடியும் பரவாயில்லை என்று சொல்லி முகத்தைத் திருப்பிக்கொள்ளலாம். அதற்கு நாம் ஒன்றும் செய்ய முடியாது. நான் உன் பக்கத்தில் கைகூப்பிக்கொண்டு நிற்பேன். என் வாயிலிருந்து வேறு எந்த வார்த்தை வந்தாலும் நீ நிறுத்தாதே, தம்பி. சொல்லி முடி.

அம்மா